பாட்டுப் பொட்டிக்கு ஒரு பக்குவம்

வா அப்புனு, திண்ணையில உக்காரு. பாட்டுப் பொட்டி ஒண்ணு வாங்கியிருக்கறயாமா. அரை மாசச் சம்பளம் அதுக்கே போச்சுன்னு உங்கம்மா புலம்பிட்டுப் போறா. அவ கெடக்கறா. போனுல பாட்டு வருது, கார்ல பாட்டு வருது, பஸ்சுல ஏறி உக்காந்தா வேண்டாம்னாலும் பாட்டு வருது. இத்தனை இருந்தும் பாட்டுக்குன்னே தனியா ஒரு பொட்டி வேணும்னு தோணுச்சு பாரு, அது பெரிய மனசு. இந்த அப்புச்சியும் மைக்செட் கட்டி, குழாய் ஸ்பீக்கரைப் பனைமரத்துல ஏத்தி, ஊரூராப் பாட்டுப் போட்டுப் பொழைச்சவன்தான். தொழில் தெரிஞ்சவன் நாலு யோசனை சொன்னாத் தப்பில்லை. காதுல இருக்கற அந்தக் குமிழைச் சித்த நேரம் கழட்டி வெச்சுட்டுக் கேளு.

மொதல் வேலை, பொட்டியை நெரப்போணும். காலி எடம் ஒரு சொட்டு இருக்கப்படாது. 128 ஜிபி கார்டு போட்டிருக்கறயாமா. சாதாரண எம்பி3 பாட்டு, 128 கேபிபிஎஸ்னு சொல்றாங்களே அது, நிமிசத்துக்கு ஒரு எம்பி புடிக்கும். கணக்குப் போடு. கார்டு நெரம்புனா ஒண்ணேகால் லட்சம் நிமிசத்துக்கு மேல பாட்டு இருக்குது. சோறு திங்காம, தூங்காம, பொடக்காளிக்குக் கூடப் போகாமக் கேட்டீன்னா 88 நாளு. ஆடி ஒண்ணாந்தேதி ஆரம்பிச்சா புரட்டாசி முடியறப்போ எந்திரிக்கலாம். இல்ல, வேலைவெட்டி இருக்குது, நாளுக்கு ஒரு மணி நேரந்தான் முடியும்னா, ஆறு வருசத்துக்குக் கிட்ட ஆகும். அதுக்குள்ள உனக்குக் கல்யாணம் ஆயிரும். அப்பறம் பாட்டையா கேக்கப் போற? சொன்னதைக் கேக்கறதுக்கே நேரம் பத்தாது.

இந்த நெரப்பற வியாதி பொட்டியோடவே வளந்தது. நான் தொழிலுக்கு வந்தப்போ 78 வேக இசைத்தட்டு இருந்துச்சு. ஒரு பக்கத்துக்கு மூணு மூணரை நிமிசம். பாட்டு முடியறதுக்குள்ள எந்திரிச்சுப் போயி, தட்டைத் திருப்பி, ஊசி தேஞ்சிருந்தா மாத்தி வெக்கோணும். அப்பறம் கேசட்டு வந்துச்சு. அறுபது நிமிசக் கேசட்டுல பக்கத்துக்கு ஆறேழு பாட்டு. டவுனு ரெக்கார்டிங் சென்டர்ல சீட்டுல எழுதிக் குடுத்துட்டு, ரெண்டு வாரம் நடையா நடந்து வாங்கியாரோணும். 1998ல கொரியாக்காரன் எம்பிமேன்னு ஒரு பொட்டி விட்டான். அதுல 32 எம்பி. அரை மணி நேரப் பாட்டு, அவ்வளவுதான். ஒலகத்துலயே கடையில வித்த மொதல் எம்பி3 பொட்டிகள்ல ஒண்ணு அது. மூணே வருசம், 2001 அக்டோபர் 23ல ஆப்பிள்காரன் 5 ஜிபியில ஐபாட்டை அறிவிச்சான். 399 டாலர். ஆயிரம் பாட்டை சோப்புல போட்டுக்கலாம்னான். இப்போ உன்ற பொட்டியில இருவத்தஞ்சாயிரம் பாட்டுக்கு எடம் கெடக்குது.

பாட்டு பெருகப் பெருக, ஒவ்வொரு பாட்டுக்கும் விழுகற நேரம் சுருங்கிப் போச்சு, அதைக் கவனிச்சியா? எந்திரிச்சுப் போயித் தட்டைத் திருப்பினவன் அந்தப் பாட்டைப் பாதியில நிறுத்த மாட்டான். இடுப்பு வலி அவனுக்கு. ரெண்டு வாரம் நடந்து கேசட்டு வாங்கினவனுக்கு, ஒரு பாட்டு முடியறப்பவே அடுத்த பாட்டு வாயில வந்து நிக்கும். நீ என்ன பண்ற? இளையராசா மொதல் இசைக்கு வயலின்காரங்களைக் கூட்டமா உக்கார வெச்சு வாசிக்க வெச்சிருப்பாரு. நீ பல்லவி வரட்டும்னு அதைத் தள்ளி விடற. பல்லவி வந்ததும் இது நேத்தே கேட்டதுதானன்னு அடுத்த பாட்டுக்குத் தாவற. சரணம்னு ஒண்ணு இருக்கறது உனக்குத் தெரியுமோ தெரியாதோ. போகட்டும், கட்டைவெரலுக்காச்சும் நல்ல பயிற்சி.

அடுத்தது குலுக்கல். ஷஃபிள்னு ஒரு பொத்தான் வெச்சிருக்கறான். என்ன கேக்கறதுன்னு யோசிக்கற கஷ்டங்கூட உனக்கு வேண்டாம்னு அவ்வளவு அக்கறை. 2005ல ஐபாட் ஷஃபிள்னு ஒண்ணு வந்துச்சு. அதுல திரையே கெடையாது. அடுத்து என்ன வரும்னு பொட்டிக்குத்தான் தெரியும். அதுலயும் ஒரு வேடிக்கை நடந்துச்சு. ஒரே ஆளோட பாட்டு அடுத்தடுத்து வருது, இது நெசக் குலுக்கலே இல்லைன்னு சனங்க புகார் பண்ணினாங்க. நெசமாவே குலுக்கினா அப்பிடித்தான் சில சமயம் அடுத்தடுத்து வரும். சனங்களுக்குச் சொல்லிப் புரிய வெக்க முடியுமா? அந்த வருசமே ஆப்பிள்காரன், அடுத்தடுத்து வர்றதைக் கூட்டிக் கொறைக்கறதுக்குத் தன்ற மென்பொருள்ல ஒரு ஏற்பாடு பண்ணிட்டான். கொறைச்சுக் குலுக்கினாத்தான் நல்லாக் குலுக்கின மாதிரி தெரியுது. மனுசப் பொறப்பு அப்பிடி.

மைக்செட்டுக்காரனுக்கு இந்தக் குலுக்கல் ஆகாது அப்புனு. கல்யாண வீட்டுல வெடியக்காலம் சீர்காழி கோவிந்தராசன் பாடின புள்ளாரு பாட்டு. அப்பறம் டி.எம்.எஸ். முருகன் பாட்டு. பொண்ணு மாப்பிள்ளை வந்தப்பறந்தான் டூயட்டு. பந்தி போடறப்போ கொஞ்சம் துள்ளல். முகூர்த்த நேரத்துல குலுக்கி ஒரு காதல் தோல்விப் பாட்டு விழுந்துச்சுன்னு வெய்யி, மாப்பிள்ளை வீட்டுக்காரன் ஸ்பீக்கரை எறக்கிட்டு என்னைப் பனைமரத்துல ஏத்திருவான். எந்தப் பொழுதுக்கு எந்தப் பாட்டுன்னு ஒருத்தன் ஒக்காந்து யோசிச்சான், அதுக்குத்தான் கூலி வாங்கினான். உன்ற பொழுதுக்கு உன்ற பாட்டை நீதான் யோசிக்கோணும். பத்துப் பாட்டு எடுத்து ஒரு பட்டியல் போட உனக்கு அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணிதான் பொட்டியில நீ செய்யற ஒரே வேலை. அதையும் குலுக்கலுக்குத் தள்ளிட்டா, உன்ற பேரு அதுல எதுக்கு?

இப்போ தரத்துக்கு வருவோம். இதுல நீ பெரிய ஆளுன்னு உன்ற சிநேகிதன் சொன்னான். எம்பி3ன்னா மூக்கைச் சுளிக்கறயாமா. எம்பி3 என்னன்னு தெரிஞ்சுக்கிட்டுச் சுளி. மாரியம்மன் நோம்பியில தப்பட்டை அடிக்கறப்போ பக்கத்துல ரெண்டு பொம்பளைங்க குசுகுசுன்னு நாயம் பேசினா உனக்குக் கேக்குமா? கேக்காது. கேக்காததை எதுக்கு எழுதி வெக்கோணும்னு தூக்கிப் போட்டான் பாரு, அதுதான் எம்பி3. பெரிய சத்தத்துக்குள்ள மறைஞ்சு போற சின்னச் சத்தத்தைக் கழிச்சுப்போடறது. சிடியில நிமிசத்துக்குப் பத்து எம்பி புடிச்ச பாட்டு, அந்தக் கழிவு போனா ஒரு எம்பிக்கு வந்து நிக்குது. ஜெர்மனியில எர்லாங்கன்ல ஃப்ரான்ஹோஃபர் ஆராய்ச்சி நிலையத்துல கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் அவர் கூட்டாளிகளும் வருசக்கணக்கா இதுக்கு ஒழைச்சாங்க. அதைச் சரி பார்க்கறதுக்கு அவரு போட்டுப் போட்டுக் கேட்டது சூசன் வேகா பாடின ஒரு பாட்டு. வாத்தியமே இல்லாம ஒத்தைப் பொம்பளைக் குரல். மறைஞ்சுக்கத் தப்பட்டை இல்லை, அதனால சின்னப் பிசகும் வெளிய தெரிஞ்சுபோகும். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டவன் பண்ணினதுதான், ஒரு பாட்டையும் முழுசாக் கேக்காத உன்ற கையில இருக்குது.

உனக்கு அது பத்தாது. ஃப்ளாக் வேணும். நல்லதுதான். ஃப்ளாக்குல ஒண்ணையும் கழிக்கறதில்லை, மடிச்சு வெக்கறதுதான். சிடியில இருக்கறதுல பாதிக்குக் கொஞ்சம் முன்னப் பின்ன எடம் புடிக்கும், பிரிச்சா அச்சு அசல் அப்பிடியே வரும். பத்திரப்படுத்தி வெக்க அதை விட நல்ல வழி இல்லை. ஆனா நீ 128 கேபிபிஎஸ்ல எங்கிருந்தோ எறக்கின பாட்டை ஃப்ளாக்கா மாத்தி வெச்சிருக்கறயாமா. கழிச்சு வீசினது திரும்பி வருமா சாமி? எடந்தான் எச்சாப் புடிக்கும். அதுக்கும் மேல 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வேணுமாமா. மனுசக் காது, அதுவும் உன்ற வயசுக் காது, 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் கேக்கும். அதுக்குச் சிடியோட 44.1ஏ போதும். 192ல போட்டா 96 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் சத்தம் வெக்கலாம். அதைக் கேக்கறதுக்கு நம்மூரு ஆலமரத்துல பூச்சி புடிக்கற வௌவாலு இருக்குது. அதுங்களுக்குத்தான் கச்சேரின்னா ராத்திரி பொட்டியை மரத்துல தொங்கவிட்டுட்டு வா.

ஒண்ணு பண்ணு. கண்ணைக் கட்டிக்க. உன்ற சிநேகிதனை விட்டு ஒரே பாட்டை 320 எம்பி3யா ஒருக்கா, ஃப்ளாக்கா ஒருக்கா மாத்தி மாத்திப் போடச் சொல்லு. சத்தம் ரெண்டுலயும் ஒரே அளவா இருக்கோணும்; சத்தம் தூக்கலா இருக்கறதுதான் நல்லதுன்னு காது ஏமாறும். பத்துக்கு எத்தனை சரியாச் சொன்னேன்னு யாருகிட்டயும் வெளிய சொல்லாத. உன்ற கவுரவம் எனக்கு முக்கியம். பொட்டிக்குப் போடற காசுல பாதியைக் காதுல மாட்டறதுக்குப் போட்டிருந்தா, உனக்கே வித்தியாசம் தெரிஞ்சிருக்கும். பாட்டு காதுக்கு வர்ற கடேசி வாசல் அதுதான்.

கார்டு வாங்கறப்போ மட்டும் சித்தெ புத்தியா இரு. பஜார்ல 2 டிபி கார்டு முந்நூறு ரூவான்னா, நீ பாட்டு வாங்கலை, ஸ்டிக்கரு வாங்கற. உள்ள இருக்கறது எட்டோ பதினாறோ ஜிபிதான். கேட்டா ரெண்டாயிரம்னு பொய் சொல்றதுக்கு அதுக்குள்ள எழுதி வெச்சிருக்கறான். நெசமான எடம் தீர்ந்தப்பறமும் ஏத்த ஏத்த வாங்கிக்கும். பழைய பாட்டு அழிஞ்சிருக்கும், இல்லாட்டிப் புதுசு ஒண்ணுமில்லாமக் கெடக்கும். புதுக் கார்டு வந்ததும் முழுசா நெரப்பி, திரும்ப எடுத்துச் சரியா இருக்குதான்னு பாத்துக்க. நெரப்பறதுல உனக்கிருக்கற ஆசைக்கு இது ஒண்ணுதான் உருப்படியான வேலை.

நெரப்பினதுக்குப் பேராச்சும் இருக்குதா? உன்ற பொட்டியை இப்பிடிக் குடு, பாப்போம். டிராக் 01, டிராக் 02, அதுக்குக் கீழ புதுசு, புதுசு 2. மிச்சத்துல பாட்டு எழுதினவன் பேரு இல்லை, பாடினவ பேரு இல்லை, திருடி ஏத்தினவன் பேரு மட்டும் கொட்டை எழுத்துல இருக்குது. கண்ணதாசனுக்கு இல்லாத மரியாதை அவனுக்கு. மைக்செட்டுக்காரன் ஒவ்வொரு கேசட்டு அட்டையிலயும் படம், இசை, பாட்டு எழுதினவரு, பாடினவங்கன்னு நாலும் எழுதி வெப்பான். எழுதலைன்னா அவசரத்துக்குக் கெடைக்காது. கம்ப்யூட்டர்ல ஒக்காந்து அந்த நாலையும் அடிச்சு வெய்யி. அடிக்கறப்போ, இந்த ஆளா இதுக்கும் இசைன்னு ஒரு ஆச்சரியம் வரும் பாரு, கேக்கறதோட ஆரம்பமே அதுதான்.

காசு குடுத்து வாங்கின பாட்டா வெய்யி. 1998ல ரியோன்னு ஒரு பொட்டி வந்தப்போ, அமெரிக்காவுல பாட்டுக் கம்பெனிக்காரங்க சங்கம் அதை விக்கவே கூடாதுன்னு கோர்ட்டுக்குப் போச்சு. அடுத்த வருசமே மேல்கோர்ட்டு பொட்டிக்காரன் பக்கம் சொல்லிருச்சு. தன்கிட்ட இருக்கற பாட்டைத் தான் கேக்கறதுக்கு இன்னொரு பொட்டிக்கு மாத்திக்கறதுல தப்பில்லைன்னு சொன்ன தீர்ப்பு அது. அந்த நாயம் இருந்ததாலதான் இன்னைக்கு உன்ற சோப்புல இந்தப் பொட்டி இருக்குது. மாசச் சந்தா கட்டிப் போனுல கேக்கறது வேற. சந்தா நிறுத்தினா பாட்டு போச்சு. கம்பெனிக்கும் பாட்டுக்காரனுக்கும் ஒப்பந்தம் முறிஞ்சா, நீ சந்தா கட்டினாலும் பாட்டு போச்சு. பொட்டியில உன்ற சொந்தப் பாட்டு இருந்தா, மலை மேல டவர் இல்லாத எடத்துலயும் பாடும். இதுக்காக வாங்கினேன்னு சொல்லியிருந்தா உங்கம்மாகிட்ட நானே பரிஞ்சு பேசியிருப்பேன்.

காதைப் பத்திச் சொல்றேன், இதை மட்டும் விளையாட்டா எடுத்துக்காத. குழாய் ஸ்பீக்கருக்குப் பக்கத்துலயே கெடந்த காது இது. உங்க அமுச்சி திட்டறதுல பாதி எனக்குக் கேக்கறதில்லை. அது லாபந்தான், ஆனா அவ கூப்பிடறதும் கேக்கறதில்லை. காதுக்குள்ள நத்தைக்கூட்டுல பதினஞ்சாயிரம் மயிரணு இருக்குது, சத்தத்தை வாங்கறது அதுங்கதான். தலையில மயிரு கொட்டினா நட்டுக் குடுக்கக் கோயமுத்தூர்ல ஆசுபத்திரி இருக்குது. காதுக்குள்ள போனதை நட்டுத் தர ஒருத்தனும் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு கணக்குச் சொல்லுது: 80 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரம் கேக்கலாம். மூணு டெசிபல் கூட்டினா நேரம் பாதி. 83க்கு இருவது மணி, 86க்குப் பத்து மணி, 90க்கு நாலே மணி நேரம். வாரத்துக்கு, நாளைக்கு இல்லை. பஸ்சு எரைச்சலை அமுக்கறதுக்குன்னு நீ வெக்கற சத்தம் பக்கத்து சீட்டுக்காரனுக்கே கேக்குது. அவன் காதுக்கும் நீ சேத்துக் கணக்கு எழுதற. வெளிச்சத்தம் நுழையாம அடைக்கற ரப்பர் குமிழ் வாங்கு, சத்தத்தைப் பாதிக்குக் கொஞ்சம் மேல வெச்சு நிறுத்து. காது குய்யின்னு கத்தினா அன்னைக்குக் கச்சேரி முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

ரோட்டுல வண்டி ஓட்டறப்போ ரெண்டு காதையும் அடைச்சுட்டுப் போறயே, பின்னால வர்ற லாரிக்காரனும் காதை அடைச்சிருந்தா ஆருக்கு ஆரு ஆரன் அடிக்கறது? வீட்டுக்கு வந்து சேந்து கேளு. பொட்டியையும் வெயில்ல வண்டி மேல வெக்காத. லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. ராத்திரியெல்லாம் சார்ஜர்ல மாட்டி நூத்துலயே நிக்க வெக்காத, மாசக்கணக்கா சுத்தமாக் காலியாவும் போட்டு வெக்காத. முதுகு உப்பினா அமுக்கிப் பாக்காத, குத்தியும் பாக்காத, கழட்டி மாத்தறவன்கிட்டக் குடுத்துரு.

இன்னொரு சங்கதி. 1979ல சோனிக்காரன் மொதல் வாக்மேன் விட்டப்போ, அதுல ஹெட்போன் மாட்ட ரெண்டு ஓட்டை வெச்சிருந்தான். ரெண்டு பேரு சேந்து கேக்கறதுக்கு. நடுவுல பேசிக்கோணும்னா அமுக்கறதுக்கு ஆரஞ்சு நெறத்துல ஒரு பொத்தான். அதை அமுக்கினா பாட்டு தணிஞ்சு, பக்கத்துல இருக்கறவங்க பேச்சு மைக்கு வழியாக் காதுல விழும். தனியாக் கேக்கற பொட்டியைச் செஞ்சவனே, ஒருத்தனைத் தனியா விடறது மரியாதை இல்லைன்னு நெனைச்சிருக்கறான். பின்னால வந்த பொட்டிகள்ல ஓட்டை ஒண்ணாச்சு, அந்தப் பொத்தானும் போச்சு. இப்போ பல போனுல அந்த ஒத்தை ஓட்டையும் போச்சு. உன்ற வீட்டுலயே நாலு பேரு நாலு குமிழ் மாட்டிட்டு, நாலு பாட்டுக்குத் தலை ஆட்டறீங்க. சோத்துக்குக் கூப்பிட உங்கம்மா வாட்ஸ்அப்புல செய்தி போடறா.

அதனால கணக்கைச் சொல்லிப்போடறேன். கார்டுல நூறு பாட்டு வெய்யி. நூறுக்கும் படம், இசை, எழுதினவங்க, பாடினவங்க பேரு இருக்கோணும். புதுசா ஒண்ணு ஏத்தோணும்னா, ஏற்கெனவே இருக்கறதுல ஒண்ணை மொதல் இசையில இருந்து கடேசி சரணம் வரைக்கும் கேட்டு, அதை வெக்கறதா எறக்கறதான்னு முடிவு பண்ணிட்டு ஏத்து. வாரத்துக்கு ஒருக்காப் பொட்டியை ஒரு சின்ன ஸ்பீக்கர்ல மாட்டி ஆசாரத்துல வெய்யி, வீட்டுல எல்லாரும் கேக்கட்டும். எந்தப் பாட்டுன்னு சண்டை வரும். வரட்டும், ஒரு வீட்டுல ஒரு பாட்டுக்குச் சண்டை வர்றது ஆரோக்கியம். மிச்ச எடம் காலியாக் கெடந்தா ஒண்ணும் கெட்டுப் போகாது. பொட்டி நெரம்பியிருக்கறதை வெச்சு ஒருத்தனைப் பாட்டு தெரிஞ்சவன்னு ஊருல எவனும் சொன்னதில்லை.

யோசனைக்குக் காசு ஒண்ணும் வேண்டாம் அப்புனு. புதுசு வாங்கினப்பறம் உன்ற பழைய ஹெட்போன் சும்மாத்தான கெடக்குது, அதை அப்புச்சிக்குக் குடுத்துட்டுப் போ.